கைபேசிச் செய்தியால் புகைப்பதை விட்டுவிட உதவுவது: வன்னிக் கிராமச் சங்கங்களுக்கு ஒரு வழிகாட்டி

சிகரட், பீடி, சுருட்டு எதுவானாலும் விட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே பத்திக்கொண்டிருக்கும் முன்னாள் போராளிகள் எங்கள் கிராமங்களில் நிறையப் பேர். கிளினிக்குக்கு வரச் சொன்னால் வரமாட்டார்கள். கூட்டம் வைத்தால் பின்வரிசையில் இருந்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். ஆனால் சட்டைப் பையில் போன் இருக்கிறது. அந்தப் போனுக்கு நாளுக்கு இரண்டு மூன்று தடவை நல்ல வார்த்தையோடு ஒரு குறுஞ்செய்தி போனால் சிலருக்கு அது உண்மையாகவே உதவுகிறது.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மாற்றுத்திறனாளிகள் சங்கத்தோடு சேர்ந்து இதை நடத்தி வருகிறேன். தொடங்க முன்னர் நாங்கள் அலைந்த அலைச்சலில் பாதி தேவையில்லாதது. என்ன கடிதம், யாரிடம், எது முதலில் என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் மிச்சமாகியிருக்கும். பரந்தனிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இதைத் தொடங்க நினைப்பவர்களுக்காக ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

தேவையானவை: ஒரு போன், ஒரு சிம், இரண்டு கொப்பி, பொறுமையான இரண்டு பேர். காசை விட நேரம்தான் கூடப் போகும்.

1. எதை எதிர்பார்க்கலாம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் முன்னாள் படையினருக்கென்றே ‘ஸ்மோக்ஃப்ரீவெட்’ என்ற குறுஞ்செய்திச் சேவை இருக்கிறது. அந்நாட்டின் முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களமும் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் சேர்ந்து செய்வது. 47848 என்ற இலக்கத்துக்கு ‘வெட்’ என்று அனுப்பினால் சேர்ந்துவிடலாம். புகைக்க ஆசை வந்தால் ஒரு சொல், மன அழுத்தம் என்றால் ஒரு சொல், தாங்காமல் புகைத்துவிட்டால் ஒரு சொல். எதை அனுப்பினாலும் அதற்கேற்ற ஆலோசனை உடனே திரும்பி வரும். அந்தக் குறுகிய இலக்கம் அந்த நாட்டுக்குரியது. எங்கள் போன்களில் இருந்து அனுப்பிப் பயனில்லை. ஆனால் அந்த மூன்று சொல் ஏற்பாடு அருமையானது. அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பலன் எவ்வளவு? பிரித்தானியாவில் 5,800 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2011இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. புகையை விட உதவும் செய்திகள் பெற்றவர்களில் 10.7 வீதமானோர் ஆறு மாதம் விட்டிருந்தார்கள். அந்தச் செய்திகள் கிடைக்காத மற்றப் பிரிவில் 4.9 வீதம். வாய்ச்சொல்லை நம்பாமல் உமிழ்நீரைப் பரிசோதித்து எடுத்த கணக்கு அது.

இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். அதே நேரம், உதவி கிடைத்தும் பத்தில் ஒன்பது பேர் அந்தத் தடவை விடவில்லை. இதைச் சங்கத்தில் எல்லோருக்கும் முதலே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்து இரண்டு பேர் முற்றாக விட்டால் அது நல்ல பலன். இது தெரியாமல் தொடங்கினால் இரண்டாம் மாதமே ‘இது சரிவராது’ என்று கைவிட்டுவிடுவார்கள்.

2. பட்டியல் விடயத்தில் முடிவெடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

அமெரிக்காவில் ஒருவர் ‘நான் முன்னாள் படைவீரர்’ என்று பதிந்து சேவையில் சேரலாம். அதனால் அவருக்கு ஒரு கெடுதலும் வராது. வன்னியில் ‘முன்னாள் போராளிகள், தொலைபேசி இலக்கங்களோடு’ என்ற தலைப்பில் ஒரு தாள் இருந்தால், அந்தத் தாளே அவர்களுக்குச் சுமை. அவர்களுடைய விபரம் ஏற்கெனவே போதுமான இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. விசாரணை என்று வீட்டுக்கு ஆட்கள் வந்து போன அனுபவம் அவர்களுக்கு உண்டு. நீங்கள் இன்னொரு பட்டியல் போடுகிறீர்கள் என்று தெரிந்தால் ஒருவரும் சேரமாட்டார்கள். அது சரியான பயம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

திட்டத்தின் பெயரில் ‘போராளி’, ‘புனர்வாழ்வு’ போன்ற சொல் எதுவும் வேண்டாம். ‘புகையை விட உதவும் குறுஞ்செய்தி’ என்றாலே போதும்.

கிராமத்தில் புகைக்கும் எவரும் சேரலாம் என்று அறிவியுங்கள். கடற்றொழிலாளி, மேசன், ஓட்டோ ஓட்டுபவர் என்று நாலு பேர் கலந்திருந்தால், சேர்ந்திருப்பதை வைத்து ஒருவர் யார் என்று சொல்ல முடியாது. நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஆட்களுக்கு அது பெரிய மறைப்பு.

‘இயக்கத்தில் இருந்தீர்களா’ என்று கேட்கவே வேண்டாம். செய்தி எழுத உங்களுக்குத் தேவையானது வேறு கேள்விகள்: நித்திரை வருகிறதா, உடம்பில் பழைய காயம் நோகிறதா, எந்த நேரம் பத்தாமல் இருக்க முடியாது. இதைக் கேட்டால் போதும்.

வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். குழுவில் எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரியும். ஆர்வக்கோளாறில் யாராவது ஒருவர் குழு திறந்து எல்லோரையும் சேர்த்துவிடக் கூடும். முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

எங்களிடம் ஒரு அலுவலகம் ‘பயனாளிகள் பெயர்ப் பட்டியல் இல்லாமல் கடிதம் தரமாட்டோம்’ என்று நின்றது. வாரக்கணக்கில் அலைந்தோம். கடைசியில் வேலை செய்தது எண்ணிக்கை மட்டும் உள்ள ஒரு தாள்: ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை, வயதுப் பிரிவு இத்தனை. கூடவே, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகைத் தரவாகக் கருதுகிறது என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நீங்கள் முதல் கடிதத்திலேயே இரண்டையும் வைத்துவிடுங்கள்.

3. கடிதங்கள்

ஒழுங்கு முக்கியம். கீழே உள்ளபடி போனால் ஒன்று அடுத்ததற்கு உதவும்.

முதலில் சங்கக் கூட்டத் தீர்மானம். மாற்றுத்திறனாளிகள் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் எதுவானாலும் சரி. திட்டத்தை நடத்துவது, பொறுப்பாளர்கள் இருவர், செலவுக்கு உச்ச வரம்பு, இந்த மூன்றும் கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டு, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டிருக்க வேண்டும்.

பிறகு பிரதேச செயலகத்தில் உங்கள் சங்கத்தின் பதிவு நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். பல சங்கங்களின் பதிவு புதுப்பிக்காமல் கிடக்கும். கணக்கறிக்கை கொடுக்காததால் நிற்கும். இது தெரியாமல் மேலே போனால் திரும்பக் கீழே வர வேண்டி வரும்.

அதன் பிறகு சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்) பணிமனை. எம்.ஓ.எச் அவர்களுக்குக் கடிதம் எழுதி, பிரதியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் கொடுங்கள். கேட்க வேண்டியது ‘அனுமதி’ மட்டுமல்ல. செய்திகளை வாசித்துத் திருத்தித் தர ஒரு ஆளையும் கேளுங்கள். மருத்துவம் தெரிந்த ஒருவர் பார்த்த செய்தி என்று சொல்ல முடிந்தால் பிறகு யார் கேட்டாலும் பதில் இருக்கும். கடிதத்தோடு தீர்மானத்தின் பிரதி, பதிவுச் சான்றிதழின் பிரதி, பத்து மாதிரிச் செய்திகள், எண்ணிக்கைத் தாள் ஆகியவற்றை இணையுங்கள். பொறுப்பாளர்களின் அடையாள அட்டைப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

கிராம அலுவலருக்கு வாயால் சொல்லி, ஒரு பிரதி கொடுத்தால் போதும். ‘என்ன நடக்குது அங்கே’ என்று யாராவது விசாரித்தால் முதலில் அவரிடம்தான் போவார்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

இதற்கெல்லாம் இரண்டு மாதம் ஒதுக்குங்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவையும் இதற்குள் ஒருமுறை நேரில் போய்ச் சந்தித்து, ‘ஆட்களை அனுப்பினால் எந்த நாள் அனுப்பலாம்’ என்று கேட்டு வையுங்கள். பின்னால் கட்டாயம் தேவைப்படும்.

4. சிம், போன், செலவு

நிறுவனப் பெயர் காட்டி அனுப்பும் மொத்தச் செய்திச் சேவை வேண்டாம். அதற்குப் பதிவுச் சான்றிதழ், கடிதத் தலைப்பில் விண்ணப்பம், ஒப்பமிடுபவரின் அடையாள அட்டை என்று பொதுவாகக் கேட்பார்கள். அதைக் கொடுத்துவிடலாம். பிரச்சினை என்னவென்றால், பெயரில் வரும் செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது. இந்த வேலைக்கு உயிரே பதில்தான். அதோடு பெயர் போட்டு வரும் செய்தியைக் கடன் கொம்பனி விளம்பரம் என்று நினைத்து வாசிக்காமலே அழித்துவிடுகிறார்கள்.

சாதாரண சிம் ஒன்று எடுங்கள். சிம் யாருடைய அடையாள அட்டையில் பதிகிறதோ அவர்தான் பொறுப்பு. ஆகவே சங்கத்தில் நீண்டகாலம் இருக்கப்போகும் ஒருவர் பெயரில் எடுங்கள். வெளிநாடு போகத் திரியும் தம்பியின் பெயரில் எடுத்தால் பிறகு சிரமம்.

போன் சாதாரண ஆண்ட்ரொயிட் போதும். கூகுளின் மெசேஜஸ் செயலியில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறித்து வைக்கலாம். இரவு இருந்து அடுத்த நாளுக்கானதைக் குறித்துவிட்டால் பகலில் வேறு வேலை பார்க்கலாம். போனில் சார்ஜும் சிக்னலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு எச்சரிக்கை: பல இலக்கங்களை ஒன்றாகத் தெரிவுசெய்து அனுப்பாதீர்கள். சில போன்களில் அது குழுச் செய்தியாகப் போய், எல்லா இலக்கமும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவே அனுப்புங்கள்.

இனிக் கணக்கு. ஒருவருக்கு எத்தனை செய்தி?

விடும் நாளுக்கு முந்திய வாரம் நாளுக்கு ஒன்று: 7.
விட்ட முதல் வாரம் நாளுக்கு நான்கு: 28.
அடுத்த இரண்டு வாரம் நாளுக்கு இரண்டு: 28.
அதற்கடுத்த மூன்று வாரம் நாளுக்கு ஒன்று: 21.
பிறகு ஆறாம் மாதம் முடியும்வரை, சுமார் இருபது வாரம், வாரத்துக்கு மூன்று: 60.

மொத்தம் 144. பன்னிரண்டு பேருக்கு 1,728. பதில்களுக்கு அனுப்புவது இதற்கு மேல். இதைச் செய்திக் கட்டணத்தால் பெருக்கினால் வருவது பெரிய தொகை இல்லை; செய்திப் பொதி (பக்கேஜ்) போட்டால் இன்னும் குறையும். ஆனால் பொதி வாங்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: எல்லா வலையமைப்புக்கும் சேர்த்தா, தங்கள் வலையமைப்புக்கு மட்டுமா? மலிவாகத் தெரிகிற பொதிகளில் பல ஒரே வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும். உங்கள் ஆட்கள் ஒருவர் டயலொக், ஒருவர் மொபிட்டெல், ஒருவர் ஹட்ச் என்று இருப்பார்கள்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாமல் வரும். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழ் எழுத்தில் 70 இடம் மட்டுமே. அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்காகும், காசும் இரட்டிப்பு. அதிலும் குற்று, கொம்பு, விசிறி, புள்ளி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். ‘குடியுங்கோ’ என்பது கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்குப் பத்து. ஆகவே செய்தியைச் சுருக்கமாக எழுதப் பழகுங்கள்.

5. சம்மதமும் கொப்பியும்

கையெழுத்து வாங்காதீர்கள். தாளில் கையெழுத்து என்றாலே பலருக்கு மனம் பின்வாங்கும். நேரில் இருந்து ஐந்து விடயத்தைச் சொல்லுங்கள்: என்ன வரும், எத்தனை வரும், எப்போது முடியும், யார் பார்ப்பார்கள், எப்படி நிறுத்தலாம். பிறகு முதல் செய்தியை அனுப்புங்கள். அதற்கு ‘1’ என்று பதில் வந்தால் அதுவே சம்மதம். பதில் வராவிட்டால் இன்னொரு முறை மட்டும் கேட்டுவிட்டு விடுங்கள்; வற்புறுத்த வேண்டாம்.

இரண்டு கொப்பி வையுங்கள். ஒன்றில் இலக்கமும் ஒரு குறியீடும்: அ1, அ2 என்று. இது ஒருவரிடம், பூட்டிய இடத்தில். மற்றதில் குறியீடும் அன்றாடப் பதில்களும் மட்டும். கூட்டத்துக்குக் கொண்டு போவது இரண்டாவதை. போனிலும் பெயர் பதியாமல் குறியீட்டையே பதியுங்கள். போனுக்குக் கடவுச்சொல் போடுங்கள்.

போன் யாருடையது என்று மறக்காமல் கேளுங்கள். வீட்டில் ஒரே போனை மனைவியும் பிள்ளைகளும் பாவிப்பார்கள். புகையை விடப் போகும் விடயம் வீட்டுக்குத் தெரியலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டு அதற்கேற்றபடி எழுதுங்கள்.

பார்வை இழந்தவர்களுக்கும் இரண்டு கையும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் குறுஞ்செய்தி சரிவராது. அவர்களைத் தள்ளிவிடாமல் அதே நேரத்துக்கு ஒரு நிமிடக் கோல் எடுங்கள். அதற்கு ஒரு ஆளைத் தனியாக வையுங்கள்.

6. முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டியவர்கள்

இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். உளநலக் கிளினிக்கில் ஒலான்சபின் அல்லது குளோசபின் குளிசை எடுப்பவர் புகையை நிறுத்தினால், இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடும். புகை அந்த மருந்தை உடம்பு வேகமாகக் கழிக்க வைக்கிறது. புகை நின்றதும் அதே குளிசை கூடிய அளவாக வேலை செய்யும். கடும் நித்திரை, தலைச்சுற்று வரலாம். ஆகவே விடும் நாளைக் குறிக்கமுன் வைத்தியரிடம் சொல்லி அளவைப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடும் நீரிழிவுக்காரருக்கும் அப்படியே. ‘அப்ப புகைப்பதுதான் நல்லது போல’ என்று எவரும் முடிவெடுக்க விடாதீர்கள். குளிசையின் அளவைச் சரிசெய்தால் தீர்ந்தது.

‘சிகரட்டை விட்டால் மனம் இன்னும் குழம்பும்’ என்ற பயம் பலரிடம் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சல், பதற்றம், நித்திரையின்மை உச்சத்தில் இருக்கும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். அதற்குப் பிறகு மனம் முன்பை விட நன்றாகவே இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதை முதலே சொல்லிவைத்தால் மூன்றாம் நாள் வரும் எரிச்சலைக் கண்டு பயப்படமாட்டார்கள்.

கால் இழந்தவர்களிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். புகை இரத்த ஓட்டத்தைக் குறைக்கும், காயம் ஆறுவதைத் தாமதமாக்கும். செயற்கைக் கால் உரசி உண்டாகும் புண் ஆறாமல் இழுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். நுரையீரல் படத்தை விட இது அவர்களுக்கு உறைக்கிறது. படம் எப்படியும் சிகரட் பெட்டியின் 80 வீதத்தில் அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

நிக்கொட்டின் சூயிங்கம், ஒட்டும் பட்டை போன்றவை உதவும். ஆனால் எல்லா பாமசியிலும் இருக்காது, விலையும் கூட. வைத்தியர் சொல்லாமல் சங்கக் காசில் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

7. விடும் நாளைக் குறித்தல்

நாளை அவரே குறிக்க வேண்டும். நீங்கள் செய்யக் கூடியது, எந்த நாள் வேண்டாம் என்று சொல்வது.

மே நடுப்பகுதியும் நவம்பர் கடைசி வாரமும் வேண்டவே வேண்டாம். இழந்தவர்களை நினைவுகூரும் அந்த நாட்களில் மனம் எங்கே இருக்கும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஏற்கெனவே விட்டவர்கள்கூட அந்த வாரங்களில் திரும்பப் பத்துகிறார்கள். அந்த இரண்டு வாரமும் யார் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் செய்திகளை நாளுக்கு நான்காக ஏற்றிவிடுங்கள்.

மே 31 உலகப் புகையிலை எதிர்ப்பு தினம் என்று அதைக் குறிக்கச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். நோட்டீசுக்கு நன்றாக இருக்கும். மே நடுப்பகுதிக்கு மிகக் கிட்ட இருப்பதால் எங்கள் ஆட்களுக்குச் சரிவராது. வற்றாப்பளைப் பொங்கலும் அந்தக் காலத்தை ஒட்டித்தான் வரும், உறவினர் கூடும் நாட்களில் சிகரட்டும் கைமாறும். பெரும்போக அறுவடை மும்முரமாக நடக்கும் நாட்களையும் தவிருங்கள். தைப்பொங்கல் முடிந்து, வேலை கொஞ்சம் ஓய்ந்த ஒரு கிழமை நாள் நல்லது. வெள்ளி, சனி வேண்டாம். தவறணையில் கூட்டம் கூடும் நாட்கள்.

8. செய்திகளை எழுதுதல்

பேச்சு வழக்கில் எழுதுங்கள். ‘புகைத்தலைத் தவிர்ப்பீர்’ என்று வந்தால் அது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியது போல் இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வது போல் இருக்கட்டும். ஆனால் ‘நீ’ வேண்டாம், எல்லோருக்கும் ‘நீங்கள்’.

நாங்கள் அனுப்பும் சில:

‘தண்ணி குடியுங்கோ. பத்து நிமிசம் பொறுங்கோ. ஆசை அடங்கும்.’ இது 55 இடம். ஒரு செய்திக்குள் அடங்கும். உள்ளே உள்ள விடயமும் சரியானது: புகைக்க வரும் ஆசை சில நிமிடம் உச்சத்தில் நின்றுவிட்டு இறங்கும்.

‘விடிய தேத்தண்ணியோட சிகரட் வேணாம். குடிச்ச உடனே எழும்புங்கோ.’ இது 59.

‘ஒண்டு பத்தினா எல்லாம் போச்சு எண்டில்லை. அடுத்ததைப் பத்தாதேங்கோ.’ 63 இடம். விட்டபின் ஒன்று புகைத்தவருக்கு அனுப்புவது. எங்களிடம் ஆகக் கூடப் பயன்பட்ட செய்தி இதுதான்.

சிகரட்காரருக்குக் காசுக் கணக்கு நன்றாக வேலை செய்யும். பல வகைகள் ஒன்று நூறு ரூபாவுக்கு மேல் விற்கின்றன. நாளுக்குப் பத்து என்றால் மாதம் முப்பதாயிரத்துக்கு மேல். பிள்ளையின் ரியூசன் காசு, சைக்கிள், ஆட்டுக்குட்டி என்று எதையாவது பக்கத்தில் வைத்து எழுதுங்கள். பீடிக்காரருக்கு இந்தக் கணக்கை அனுப்பாதீர்கள், எடுபடாது. அவருக்கு இருமலையும் மூச்சையும் சொல்லுங்கள்.

எழுதக் கூடாதவையும் இருக்கின்றன. ‘போராட்டம்’, ‘எதிரி’, ‘களம்’, ‘வெற்றி நமதே’ போன்ற சொற்களை முற்றாக விடுங்கள். அந்தப் போனை வேறு யாராவது வாங்கிப் பார்த்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர். உற்சாகம் ஊட்டுவதாக நினைத்துக்கூட எழுத வேண்டாம்.

இரவு எட்டு மணிக்குப் பிறகும் காலை ஆறு மணிக்கு முதலும் அனுப்பாதீர்கள். திடீரென்று போன் அதிர்ந்தால் திடுக்கிட்டு எழும்பி, பிறகு விடியும்வரை நித்திரை இல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். எழும்பியிருந்தால் கை எதைத் தேடும் என்று தெரியும்தானே. ஆனால் ‘இரவில் நித்திரை வராட்டி 1 அனுப்புங்கோ’ என்று மாலையில் ஒரு செய்தி போகலாம். அவர் கேட்டால் எந்த நேரமும் பதில் போகலாம்.

பழைய பட்டன் போன்களில் தமிழ் எழுத்துப் பெட்டி பெட்டியாகத் தெரியும். முதல் சந்திப்பிலேயே ஒரு தமிழ்ச் செய்தி அனுப்பி, திரையை நீங்களே பாருங்கள். தெரியாவிட்டால் அதே செய்தியை ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதி அனுப்புங்கள். சிலருக்கு அதையும் வாசிக்க வராது. அவர்களைக் கோல் பட்டியலில் சேருங்கள்.

இன்னொரு பொறி: சிகரட்டை விட்டவர் வெற்றிலையோடு புகையிலை போடத் தொடங்குவார். ‘புகை விட்டாச்சு’ என்பார், வாயில் நிக்கொட்டின் போய்க்கொண்டிருக்கும். வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலையும் காரணம், பாக்கும் காரணம். இரண்டாம் வாரத்தில் இதற்கென்றே ஒரு செய்தி வையுங்கள்.

9. பதில் வரும்போது

சொல் அடிக்கச் சொல்லாதீர்கள். மூன்று இலக்கம் போதும். 1: ஆசை வருகிறது. 2: மனம் சரியில்லை. 3: பத்திவிட்டேன். நிறுத்த விரும்பினால் 0. இதை ஒரு சிறு மட்டையில் எழுதிக் கொடுத்தால் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள்; மட்டையில் திட்டத்தின் பெயர்கூட வேண்டாம், இலக்கங்கள் மட்டும்.

1 வந்தால் பத்து நிமிடத்துக்குள் பதில் போக வேண்டும். அதற்குப் பிறகு போகும் பதிலால் பயனில்லை, ஒன்றில் ஆசை அடங்கியிருக்கும் அல்லது பத்தியிருப்பார். அதனால்தான் பொறுப்பாளர்கள் இருவர் தேவை; ஒருவர் வயலில் நின்றால் மற்றவர் போனை வைத்திருக்கலாம். இருவருக்கும் நேர அட்டவணை போடுங்கள்.

3 வந்தால் ஏன் என்று கேட்காதீர்கள். கண்டிக்கவே கண்டிக்காதீர்கள். கண்டித்தால் அடுத்த முறை பொய் சொல்வார், அல்லது பதிலே வராது.

2 தான் கவனம். 2 வந்தால் குறுஞ்செய்தி அனுப்பாமல் கோல் எடுங்கள். கதைத்துப் பார்த்து, உயிரை மாய்ப்பது பற்றி ஏதாவது சொன்னாலோ, குரல் வித்தியாசமாக இருந்தாலோ தனியாக விடாதீர்கள். வீட்டில் யார் நிற்கிறார்கள் என்று கேட்டு அவர்களோடு கதையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். அடுத்த வேலை நாள் உளநலப் பிரிவுக்கு நீங்களே கூட்டிப் போங்கள். ‘போங்கோ’ என்று சொன்னால் போகமாட்டார். நீங்கள் இருவரும் ஆலோசகர்கள் அல்ல. உங்கள் வேலை, தெரிந்த கதவுவரை கூட்டிப் போய் விடுவது.

புகைத்தல் சம்பந்தமான கேள்விகள் உங்களுக்கு மேல் போனால், தேசியப் புகையிலை மற்றும் மதுசார அதிகார சபையின் 1948 இலக்கத்தைக் கொடுங்கள்.

பதிலே அனுப்பாதவர்களைக் கைவிட்டவர்களாக நினைக்க வேண்டாம். ஒரு பதிலும் அனுப்பாமல் எல்லாச் செய்தியையும் வாசித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எங்களிடம் ஒரு அண்ணை சேர்ந்த பிறகு மாதக்கணக்கில் ஒரு எழுத்துக்கூட அனுப்பவில்லை. ஒரு நாள் செய்தி பிந்திப் போனது. மிஸ்ட் கோல் அடித்தார்; திருப்பி எடுத்தபோது ‘இண்டைக்கு ஏன் வரேல்ல’ என்று கேட்டார்.

10. ஆறாம் மாதமும் அதற்குப் பிறகும்

ஆறாம் மாத முடிவில் ஒரே ஒரு கேள்வி: ‘கடந்த ஏழு நாளில் ஒன்றாவது பத்தினீங்களா?’ இல்லை என்றால் 1, ஆம் என்றால் 3. எம்.ஓ.எச் பணிமனைக்கு அறிக்கை கொடுக்கும்போது எண்ணிக்கை மட்டும்: சேர்ந்தவர்கள், பதில் அனுப்பியவர்கள், விட்டதாகச் சொன்னவர்கள். பதில் வராதவர்களை விட்டவர்களாகச் சேர்க்காதீர்கள்.

திரும்பப் புகைக்கத் தொடங்கியவர்களை அடுத்த சுற்றில் கேளுங்கள். பல தடவை முயன்ற பிறகு விடுபவர்கள்தான் கூட. இயக்கத்தில் புகைக்குத் தடை இருந்ததால், எங்களிடம் வந்தவர்களில் பலர் 2009க்குப் பிறகு பழகியவர்கள். புகை இல்லாமல் எவ்வளவு காலம் இருந்தோம் என்பது அவர்களுக்கே நினைவிருக்கிறது. இதைச் செய்தியில் எழுத வேண்டாம். நேரில், தனியாக, அவரே அந்தக் கதையை எடுத்தால் மட்டும் கதையுங்கள்.

அறிக்கை கொடுத்த பிறகு இலக்கங்கள் உள்ள முதல் கொப்பியை எரித்துவிடுங்கள். போனில் உள்ள பழைய செய்திகளையும் அழியுங்கள். தொடர விரும்புபவர்கள் மறுபடி ‘1’ அனுப்பிச் சேரட்டும்.

சிம்மை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரீலோட் போடாமல் நீண்டகாலம் கிடந்தால் இலக்கம் துண்டிக்கப்பட்டு வேறு ஒருவருக்குப் போகும். ஒரு வருடம் கழித்து யாரோ ஒருவர் இரவு ‘2’ என்று அனுப்பினால் அது முன்பின் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகக் கூடாது. மாதம் ஒருமுறை சிறு தொகை ரீலோட் போடுவதைச் செலவுக் கணக்கில் நிரந்தர வரியாக எழுதிவையுங்கள்.